இடைக்காலத் தமிழகத்தில் மணவுறவுக் கூட்டணி

மணவுறவுக் கூட்டணி என்பது இரண்டு அரச குடும்பங்கள் தமக்குள் பெண் கொடுத்தும் பெண் எடுத்தும் ஏற்படுத்திக்கொள்ளும் அரசியல் உறவு ஆகும். கிபி 9ஆம் நூற்றாண்டு முதல் 14ஆம் நூற்றாண்டு வரையான தமிழக வரலாற்றில் சோழர், பாண்டியர், சேரர், கீழைச் சாளுக்கியர், மேலைச் சாளுக்கியர், இராட்டிரகூடர், போசளர் (ஹொய்சளர்) ஆகிய மரபுகளும், அவற்றுக்கு உட்பட்ட சிற்றரசர் குடிகளும் இத்தகைய உறவுகளால் பிணைக்கப்பட்டிருந்தன. போசள அரசன் மூன்றாம் வல்லாளன் தன் இறுதிக்காலத்தில் தலைநகராகக் கொண்ட திருவண்ணாமலை, இம்முறையின் கடைசிக் கட்டத்தைக் காட்டும் ஊராகும்.

மணவுறவு போர் உதவிக்கான உறுதிமொழி என்றே பொதுவாகக் கருதப்படுகின்றது. ஆனால் தமிழக எடுத்துக்காட்டுகளை நோக்கும்போது, அது பெரும்பாலும் மற்றவர் நாட்டில் தலையிடுவதற்கான உரிமையாகவே செயல்பட்டது தெரியவருகின்றது. மைத்துனனைக் காக்க வந்த படையும், மருமகனின் அரியணை உரிமையை முன்வைத்து வந்த படையும் ஒரே உறவையே காரணமாகக் காட்டின.

உறவுமுறை

தென்னிந்தியக் குடும்ப அமைப்பில் தாய்மாமன் மகளையோ அத்தை மகளையோ மணப்பது வழக்கிலுள்ள முறையாகும். இம்முறையில் ஒரு தலைமுறையில் கொடுத்த பெண்ணின் மகனுக்கு, அடுத்த தலைமுறையில் அவளுடைய பிறந்த வீட்டிலிருந்தே பெண் கொடுக்கப்படலாம். ஆகவே ஒரு திருமணத்தால் உண்டான உறவு அந்தத் தலைமுறையோடு முடிந்துவிடாமல், மீண்டும் மீண்டும் புதுப்பிக்கப்படுகின்றது. மாமன், மருமகன், மைத்துனன், சகலன் ஆகிய சொற்கள் வெறும் உறவுப் பெயர்களாக மட்டுமன்றி, சீர், மரியாதை, கடமை ஆகியவற்றைக் குறிப்பனவாகவும் உள்ளன.

ஐரோப்பிய அரச குடும்பங்களுள் நெருங்கிய உறவினர் மணம் புரியத் திருச்சபையின் தடை இருந்தது. அதனை மீறச் சிறப்பு இசைவு பெறவேண்டியிருந்தது. தமிழகத்திலோ நெருங்கிய முறைப்பெண்ணே உரிய மணப்பெண்ணாகக் கருதப்பட்டாள். இவ்வேறுபாட்டினால், இங்கு இரண்டு மரபுகள் சில தலைமுறைகளுக்குள்ளேயே ஒன்றாகக் கலந்துவிடும் வாய்ப்பு மிகுந்திருந்தது.

சிற்றரசர் குடிகளுடன் மணவுறவு

பேரரசர்கள் தமக்குக் கீழிருந்த குடிகளிலிருந்தும் பெண் எடுத்தனர். முதலாம் பராந்தகச் சோழன் பழுவேட்டரையர் மகளை மணந்தான்; அவளுக்குப் பிறந்தவன் அரிஞ்சயன். கண்டராதித்தனின் அரசியான செம்பியன் மாதேவி மழவரையர் குடும்பத்தில் பிறந்தவர். முதலாம் இராசராசனின் தாய் வானவன் மாதேவி, திருவண்ணாமலைக்குத் தென்கிழக்கே பெண்ணையாற்றங்கரையில் உள்ள திருக்கோவலூரை ஆண்ட மலையமான் குடியைச் சேர்ந்தவர்.

இத்தகைய மணங்களில் இருதரப்பும் சமமானவை அல்ல. பேரரசனுக்கு அக்குடியின் படையும் நிலப்பகுதியும் நம்பிக்கைக்குரியனவாயின. சிற்றரசனுக்குத் தன் பேரன் பேரரசனாகும் வாய்ப்புக் கிடைத்தது. சோழநாட்டுக்கும் தொண்டைநாட்டுக்கும் இடைப்பட்ட நடுநாட்டுப் பகுதியில் இருந்த குடிகளின் உறவு, வடக்கிலிருந்து வரும் படையெடுப்புக்களைத் தடுப்பதற்குச் சோழருக்கு இன்றியமையாததாக இருந்தது.

தக்கோலப் போர்

கிபி 949 இல் நடைபெற்ற தக்கோலப் போர், இரு தரப்பிலும் மணவுறவுகள் செயல்பட்டதற்கு எடுத்துக்காட்டாகும். இதன் பின்னணி முதலாம் ஆதித்த சோழன் காலத்துக்குச் செல்கின்றது. ஆதித்தனின் அரசியருள் ஒருவரான இளங்கோன் பிச்சி இராட்டிரகூட இளவரசி ஆவார். எனினும் ஆதித்தனுக்குப் பின்னர் அரியணை ஏறியவன் முதலாம் பராந்தகன். இராட்டிரகூட அரசியின் மகனான கன்னரதேவனுக்கு அரசு கிடைக்காமற் போனதே, இரண்டாம் கிருட்டிணன் சோழநாட்டின்மீது படையெடுத்ததற்குக் காரணம் என வரலாற்றாய்வாளர் பலர் கருதுவர். திருவல்லத்தில் நடந்த போரில் பராந்தகன் வெற்றி பெற்றான்.

பராந்தகன் சேர மரபுடனும் மணவுறவு கொண்டிருந்தான். அவன் மகன் இராசாதித்தன் திருமுனைப்பாடி நாட்டில் படையுடன் நிலைகொண்டிருந்தபோது, சேரநாட்டைச் சேர்ந்த வெள்ளன் குமரன் அவனுடைய படைத்தலைவனாக இருந்தான். பெண்ணையாற்றங்கரையிலுள்ள கிராமம் என்னும் ஊரில் வெள்ளன் குமரன் கற்றளி எடுப்பித்ததை அவ்வூர்க் கல்வெட்டு கூறுகின்றது.

எதிர்த்தரப்பில் இராட்டிரகூட அரசன் மூன்றாம் கிருட்டிணனுக்குத் துணையாக வந்தவன் கங்க அரசன் இரண்டாம் பூதுகன். இவன் கிருட்டிணனின் சகோதரியை மணந்தவன். தக்கோலத்தில் யானைமீதிருந்த இராசாதித்தனைக் கொன்றவன் இவனே. இதற்காகப் பூதுகனுக்கு வனவாசி உள்ளிட்ட நாடுகள் வழங்கப்பட்டதை ஆதகூர்க் கல்வெட்டு தெரிவிக்கின்றது. மைத்துனன் என்ற உறவு அவனைப் போருக்கு அழைத்து வந்தது. ஆயினும் அவ்வுதவிக்கு விலையாக நிலம் கொடுக்கவேண்டியிருந்தது என்பது இங்கு கருதத்தக்கது.

சோழரும் கீழைச் சாளுக்கியரும்

தமிழக வரலாற்றில் மிக நீண்டகாலப் பயன் தந்த மணவுறவு, சோழருக்கும் வேங்கி நாட்டை ஆண்ட கீழைச் சாளுக்கியருக்கும் இடையில் ஏற்பட்டதாகும். இது மூன்று தலைமுறைகளில் அடுத்தடுத்து நிகழ்ந்தது.

முதல் தலைமுறையில், முதலாம் இராசராசன் தன் மகள் குந்தவையை வேங்கி இளவரசன் விமலாதித்தனுக்கு மணம் செய்து கொடுத்தான். இக்குந்தவை, இராசராசனின் தமக்கையான குந்தவையினின்றும் வேறானவள். இரண்டாம் தலைமுறையில், விமலாதித்தனுக்கும் குந்தவைக்கும் பிறந்த இராசராச நரேந்திரன், தன் தாய்மாமனான முதலாம் இராசேந்திரனின் மகள் அம்மங்கதேவியை மணந்தான். மூன்றாம் தலைமுறையில், அவர்களுடைய மகன், தன் தாய்மாமனான இரண்டாம் இராசேந்திரனின் மகள் மதுராந்தகியை மணந்தான். இவனே பின்னாளில் முதலாம் குலோத்துங்க சோழன் எனப் பெயர் பெற்றவன்.

இவ்வுறவு சோழருக்கு வேங்கியில் நிலையான பிடியைத் தந்தது. ஆனால் அது தானாகக் கிடைத்ததன்று. விமலாதித்தனுக்கு மற்றோர் அரசியிடம் பிறந்த ஏழாம் விசயாதித்தன் அரசுரிமை கோரினான். அவனை மேலைச் சாளுக்கியர் ஆதரித்தனர். ஆகையால் தன் மருமகனை அரியணையில் இருத்தவும், இருத்திய பின் காக்கவும் சோழர் பலமுறை வேங்கிக்குப் படை அனுப்பவேண்டியிருந்தது. ஓர் அரசன் பல குடும்பங்களில் பெண் எடுக்கும்போது, ஒவ்வொரு குடும்பமும் தன் பேரனே அடுத்த அரசனாக வேண்டுமென எதிர்பார்க்கும். சமாதானத்துக்காகச் செய்யப்பட்ட மணங்கள் அடுத்த தலைமுறையில் தாயாதிப் போராக மாறியதற்கு இதுவே முதன்மைக் காரணமாகும்.

1070: ஓர் அரியணையும் இரண்டு உறவுகளும்

வீரராசேந்திர சோழன் (ஆட்சிக்காலம் 1063–1070) மேலைச் சாளுக்கியருடன் நெடுங்காலம் போரிட்டவன். மேலைச் சாளுக்கிய அரச குடும்பத்தில் அண்ணன் இரண்டாம் சோமேசுவரனுக்கும் தம்பி ஆறாம் விக்கிரமாதித்தனுக்கும் பகை மூண்டபோது, அவன் தம்பியின் பக்கம் சேர்ந்து தன் மகளை அவனுக்கு மணம் செய்வித்தான். இதனால் பகை மரபு இரண்டாகப் பிளந்தது. அதன் ஒரு பிரிவு சோழரின் உறவாயிற்று.

வீரராசேந்திரன் இறந்தவுடன் சோழநாட்டில் குழப்பம் ஏற்பட்டது. விக்கிரமாதித்தன் காஞ்சிக்கும் கங்கைகொண்ட சோழபுரத்துக்கும் வந்து, தன் மைத்துனன் அதிராசேந்திரனை அரியணையில் அமர்த்திச் சென்றான் என, அவனுடைய அவைப்புலவர் பில்கணர் விக்கிரமாங்கதேவ சரிதம் என்னும் வடமொழி நூலில் கூறுகின்றார். அவன் நாடு திரும்பியபின் சில காலத்துக்குள்ளேயே அதிராசேந்திரன் கலகத்தில் உயிரிழந்தான். 1070 இல் சோழ அரியணை ஏறியவன் வேங்கி மரபில் வந்த குலோத்துங்கன்.

இந்நிகழ்வில் இரண்டு மணவுறவுகள் ஒன்றோடொன்று மோதின. விக்கிரமாதித்தனின் உறவு ஒரே திருமணத்தால் ஆனது. அதைத் தாங்கி நின்றவன் அதிராசேந்திரன் ஒருவனே. அவன் இறந்ததும் அதன் அரசியற் பயனும் மறைந்தது. குலோத்துங்கனின் உறவோ மூன்று தலைமுறைப் பழமை உடையது. அவன் தாயும் பாட்டியும் மனைவியும் சோழர் குலப் பெண்கள். தந்தை வழியில் சாளுக்கியனான ஒருவனைச் சோழனாக ஏற்பதற்கு இது வழிசெய்தது. இதன்பின் ஆண்ட சோழ அரசர்களை வரலாற்றாய்வாளர் சாளுக்கிய சோழர் எனவும் குறிப்பிடுவர்.

போசளரும் மாமன் உறவும்

13ஆம் நூற்றாண்டில் சோழர் வலிமை குன்றியபோது, கருநாடகத்தின் துவாரசமுத்திரத்தைத் தலைநகராகக் கொண்ட போசளர் தமிழகத்தில் தலையிட்டனர். 1231 இல் காடவர் குலத் தலைவன் கோப்பெருஞ்சிங்கன் சோழ மன்னன் மூன்றாம் இராசராசனைப் பிடித்துச் சேந்தமங்கலத்தில் சிறைவைத்தான். போசள அரசன் இரண்டாம் நரசிம்மன் படை அனுப்பி இராசராசனை மீட்டான். படைத்தலைவர்களான அப்பண்ணன், சமுத்திர கோப்பையன் ஆகியோர் வழியில் ஊர்களை அழித்து முன்னேறி, சோழனை மீட்ட செய்தியைத் திருவயிந்திரபுரம் கல்வெட்டு விரிவாகக் கூறுகின்றது. நரசிம்மன், சோழ அரசை நிலைநிறுத்தியவன் என்னும் பொருளுடைய பட்டத்தைச் சூடிக்கொண்டான்.

நரசிம்மனின் மகன் சோமேசுவரன் காலத்தில் இவ்வுறவு மேலும் விரிந்தது. பாண்டியன் இரண்டாம் மாறவர்மன் சுந்தரபாண்டியன், சோழன் மூன்றாம் இராசேந்திரன் ஆகிய இருவர் கல்வெட்டுக்களிலும் சோமேசுவரன் மாமன் முறையினனாகக் குறிக்கப்படுகின்றான். தம்முள் பகைவரான இரண்டு அரசர்க்கும் ஒருவனே மாமனாக விளங்கினான். சோழன் கை ஓங்கியபோது அவன் பாண்டியனுக்குத் துணைநின்றான். பாண்டியன் கை ஓங்கியபோது சோழனுக்குத் துணைநின்றான். இருவருள் எவரும் மற்றவரை முற்றாக வென்றுவிடாதிருப்பதே போசளருக்கு நன்மை பயப்பதாக இருந்தது. இதற்கிடையில் திருவரங்கத்துக்கு அருகிலுள்ள கண்ணனூர், போசளரின் தமிழகத் தலைநகராயிற்று.

இவ்வுறவின் மறுபக்கத்தையும் கல்வெட்டுக்கள் மறைக்கவில்லை. மூன்றாம் இராசேந்திரன் தன் பட்டங்களுள் ஒன்றில், மாமன் சோமேசுவரனுக்கு எதிராக எழுந்த எமனின் தண்டம் எனத் தன்னை அழைத்துக்கொள்கின்றான். உறவுமுறையைச் சொல்லியே பகையையும் அறிவித்த இப்பட்டம், மாமன் என்ற சொல் அக்கால அரசியலில் பெற்றிருந்த எடையைக் காட்டுகின்றது.

1251 இல் பட்டமேறிய முதலாம் சடையவர்மன் சுந்தரபாண்டியன் இச்சமநிலையைக் குலைத்தான். கண்ணனூர் அவன் வசமாயிற்று. போரில் சோமேசுவரன் உயிரிழந்தான். இதற்கு முன்னரே சோமேசுவரன் தன் நாட்டை வெவ்வேறு அரசியர்க்குப் பிறந்த இரு மகன்களுக்குப் பங்கிட்டிருந்தான். மூன்றாம் நரசிம்மன் துவாரசமுத்திரத்தையும் இராமநாதன் தமிழகப் பகுதியையும் பெற்றனர். இவ்விருவருக்கும் இடையிலான பூசல் போசள அரசை மேலும் மெலியச் செய்தது. நரசிம்மனின் மகன் மூன்றாம் வல்லாளனே இரு பகுதிகளையும் மீண்டும் ஒன்றாக்கினான்.

திருவண்ணாமலையும் மூன்றாம் வல்லாளனும்

மூன்றாம் வல்லாளன் காலத்தில் தென்னாட்டின் நிலை முற்றிலும் மாறியது. பாண்டிய அரசுரிமைக்காக உடன்பிறந்தோரான சுந்தரபாண்டியனும் வீரபாண்டியனும் போரிட்டனர். 1311 இல் மாலிக் கபூரின் தலைமையிலான தில்லிப் படை துவாரசமுத்திரத்தை முற்றுகையிட்டது. வல்லாளன் பணிந்து, தன் மகன் விருபாட்சனைத் தில்லிக்கு அனுப்பினான். அவன் 1313 இல் நாடு திரும்பினான். முகம்மது பின் துக்ளக்கின் படை 1327ஆம் ஆண்டளவில் மீண்டும் துவாரசமுத்திரத்தை அழித்தபின், வல்லாளன் திருவண்ணாமலையைத் தலைநகராகக் கொண்டான். கருநாடகப் பீடபூமிக்கும் தமிழகச் சமவெளிக்கும் இடைப்பட்ட இவ்வூர், இரு பகுதிகளையும் கண்காணிக்க ஏற்றதாக இருந்தது.

1335 இல் சலாலுத்தீன் அசன் சா தில்லியிலிருந்து விடுபட்டு மதுரையில் தனி அரசை நிறுவினார். இங்கும் மணவுறவே ஆட்சியுரிமைக்கு வலுச்சேர்த்தது. அடுத்து ஆண்ட அலாவுத்தீன் உதௌசிக்குப் பின் அவருடைய மருமகன் குத்புத்தீன் அரசரானார். அவர் 40 நாட்களில் கொல்லப்பட்டார். பின்னர் வந்த கியாசுத்தீன் தம்கானி, சலாலுத்தீனின் மகளை மணந்தவர். மொரோக்கோ நாட்டுப் பயணி இப்னு பதூதா தில்லியில் மணந்த பெண்ணும் சலாலுத்தீனின் மகளே. ஆகவே அவர் கியாசுத்தீனுக்குச் சகலன் ஆவார். மதுரை அரசில் அவர் வரவேற்புப் பெற்றதற்கு இவ்வுறவே காரணம்.

வல்லாளனின் முடிவு பற்றிய விரிவான செய்தி இப்னு பதூதாவின் பயண நூலில் கிடைக்கின்றது. 1342ஆம் ஆண்டை ஒட்டி வல்லாளன் கண்ணனூர்க் கோட்டையை முற்றுகையிட்டான். கோட்டையினர் சரணடைவதற்கு முன் மதுரைக்குச் செய்தி அனுப்பிக் கருத்தறிய அவகாசம் கேட்டனர், வல்லாளன் இசைந்தான். இவ்வமைதிக் காலத்தில் கியாசுத்தீன் எதிர்பாராத வகையில் தாக்கினார். எண்பது வயதான வல்லாளன் பிடிபட்டுக் கொல்லப்பட்டான். அவனுடைய தோல் வைக்கோலால் நிரப்பப்பட்டு மதுரை மதிலில் தொங்கவிடப்பட்டிருந்ததைத் தாம் கண்டதாகப் பதூதா எழுதியுள்ளார். ஆக, தமிழகத்தின் இறுதிப் போசளப் போரை விவரித்தவர், வென்றவரின் சகலனே ஆவார். தலைமுறைகளாகப் பலருக்கு மாமனாக விளங்கிய மரபின் அரசனுக்கு அன்று துணைவரச் சோழ மரபோ வலிமையுள்ள பாண்டிய அரசோ எஞ்சியிருக்கவில்லை.

வல்லாளனுக்குப் பின் நான்காம் வல்லாளன் எனப்பட்ட விருபாட்சன் 1343 இல் முடிசூடினான். சில ஆண்டுகளில் போசள அரசு மறைந்து, அதன் நிலப்பகுதி விசயநகர அரசின் கீழ் வந்தது. 1346ஆம் ஆண்டுச் சிருங்கேரிக் கல்வெட்டில் முதலாம் அரிகரனின் உடன்பிறந்தோருடன் மருமகன் பல்லப்ப தண்டநாயகன் என்பவனும் குறிக்கப்படுகின்றான். இவன் போசளக் குடும்பத்தைச் சார்ந்தவன் எனச் சில ஆய்வாளர் கருதுவர். அவ்வாறாயின், பழைய அரசு புதிய அரசுக்குள் அடங்கியதிலும் மணவுறவுக்குப் பங்கு உண்டு.

கோயில் மரபு

திருவண்ணாமலை அருணாசலேசுவரர் கோயிலில் வல்லாள கோபுரம் இவ்வரசன் பெயரால் வழங்குகின்றது. எல்லப்ப நாவலர் இயற்றிய அருணாசல புராணம் வல்லாள மகாராசன் கதையை விரிவாகக் கூறுகின்றது. அதன்படி வல்லாளனுக்கு மக்கட்பேறு இல்லை. அடியவர் வடிவில் வந்து அவனைச் சோதித்த இறைவன், பின்னர் குழந்தையாகத் தோன்றி மறைந்தார். தாமே மகனாக இருந்து அவனுக்கு இறுதிக்கடன் செய்வதாகவும் அருளினார்.

இதனை ஒட்டி, ஒவ்வோர் ஆண்டும் மாசி மகத்தன்று அண்ணாமலையார் பள்ளிகொண்டாப்பட்டு ஊரின் ஆற்றங்கரைக்கு எழுந்தருளி வல்லாள மகாராசனுக்குத் திதி கொடுக்கும் சடங்கு நடைபெறுகின்றது.

வரலாற்றுச் சான்றுகளின்படி வல்லாளனுக்கு மகன் இருந்தான் என்பது மேலே கூறப்பட்டது. எனினும் அம்மகனின் ஆட்சி நிலைக்கவில்லை. நீர்க்கடன் செய்ய அம்மரபில் அரசன் எவனும் எஞ்சவில்லை. அரச மரபு அறுந்த இடத்தில் மகனுக்குரிய கடமையை ஊர்க்கடவுள் ஏற்றதாகக் கோயில் மரபு கொள்கின்றது. மணவுறவினால் பெறக்கூடிய நாடு, படை, பட்டம் ஆகிய அனைத்தும் நீங்கியபின், எஞ்சியது இவ்வொரு கடமையே.

கணினி விளையாட்டுக்களில்

அரச குடும்பங்களின் மணவுறவை மையமாகக் கொண்ட உத்திசார் கணினி விளையாட்டுக்களும் உள்ளன. சுவீடனைச் சேர்ந்த பாரடாக்சு நிறுவனத்தின் குருசேடர் கிங்சு வரிசை இவற்றுள் புகழ்பெற்றது. 2012 இல் வெளிவந்த இதன் இரண்டாம் பதிப்புக்கு 2014 இல் வெளியிடப்பட்ட இந்திய அரசர்கள் பற்றிய விரிவாக்கத்தினால் இந்தியத் துணைக்கண்டம் விளையாட்டு நிலப்படத்தில் இடம்பெற்றது. 2020 இல் வெளிவந்த மூன்றாம் பதிப்பிலும் இந்தியா உண்டு. இவற்றின் தொடக்க ஆண்டுகளுள் ஒன்றான 1066, வீரராசேந்திரனின் ஆட்சிக்காலத்தைச் சேர்ந்ததாகும்.

இவ்விளையாட்டுக்களில் ஆட்டக்காரர் ஒரு நாட்டை அன்றி ஒரு குடும்பத்தையே நடத்துகின்றார். மூன்றாம் பதிப்பில் இரு அரசர்களின் நெருங்கிய உறவினர் மணந்துகொண்டால் அவ்வரசர்களிடையே கூட்டணி உண்டாகின்றது. கூட்டாளி போருக்கு அழைக்கும்போது மறுப்பவர் மதிப்பை இழப்பார். பிறக்கும் பிள்ளைகள் தாய்வழியிலும் அரசுரிமை பெறலாம். 1070 இல் குலோத்துங்கன் அரியணை ஏறிய முறையை இவ்விதிகளால் ஓரளவு விளக்கலாம்.

எனினும் வரலாற்று நிகழ்வுகள் இவ்விதிகளுள் முழுமையாக அடங்குவதில்லை. விளையாட்டில் கூட்டணி இருக்கின்றது அல்லது இல்லை. சோமேசுவரனோ ஒரே காலத்தில் மாமனாகவும் பகைவனாகவும் நடுவனாகவும் இருந்தான். விளையாட்டில் உதவி மணத்தின் பயனாக வருகின்றது. பூதுகன் பெற்றதைப் போன்ற நிலக்கொடை அதற்கு விலையாவதில்லை. முறைப்பெண் மணத்தால் ஒரே உறவு பல தலைமுறைகளுக்குப் புதுப்பிக்கப்பட்டதும் தென்னிந்தியாவுக்குச் சிறப்பாக உரிய கூறாகும். சோழ வேங்கி உறவு நிலைத்ததற்கும், வீரராசேந்திரன் செய்த மணம் ஓராட்சிக்கு மேல் பயன் தராததற்கும் இடையிலுள்ள வேறுபாடு இதனாலேயே விளங்குகின்றது.